கடைசியில் குளிக்கும் அப்பா

ரூபனுக்கு நாலு மாதம் முடிந்த வாரத்தில் அவன் கன்னத்தில் இரண்டு சிவப்புத் திட்டுகள் வந்தன. அடுத்த வாரம் முழங்கை மடிப்பில் வந்தது. அதற்கடுத்த வாரம் முழங்காலுக்குப் பின்னால் நீர் கசிந்து பொருக்குத் தட்டியது. காசிமேட்டில் இதற்குப் பெயர் கேட்டு யாரும் டாக்டரிடம் போவதில்லை. பார்த்த உடனே கரப்பான் என்று சொல்லிவிடுவார்கள்.

ரூபனின் அப்பா ஜெரால்ட் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அது வேறு ஏதாவதாக இருந்துவிடாதா என்று பார்த்தார்.

அவர் மனைவி ஐரீன் சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப்போய் ஒரு களிம்பு வாங்கி வந்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜெரால்ட் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தார்.

"அத்தப் பிரிச்சேன்னு வையி, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"புள்ள பிறாண்டிகினே கீதுயா. தலகாணில ரத்தம். நீ பாத்தியா?"

"பாத்தேன். தோல்ல வந்தது தோலோட போவட்டும். உள்ள போச்சின்னா?"

உள்ளே போவது என்றால் என்னவென்று ஐரீனுக்குத் தெரியும். பாயில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஏழு வயது மகள் சாராவின் நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஐரீன் களிம்பைப் பிரிக்கவில்லை. ஆனால் களிம்பை எடுத்து எறியவும் இல்லை.

ஜெரால்டுக்கு முப்பத்தொன்பது வயது. ஒன்பதாவது வரை படித்தவர். அப்பாவைப்போல் கடலுக்குப் போக வேண்டியவர்தான். இரண்டு வருடம் போனார். படகு துறைமுக வாயைத் தாண்டியதும் வாந்தி எடுப்பார். மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் போல ஒரு சிரிப்பு காசிமேட்டில் வேறு கிடையாது. கல்யாணத்தில்கூட யாரோ மேடை ஏறி, கப்பல் படம் போட்ட பரிசைக் கொடுத்து, "பாத்துப் பிரி மாமு, வாந்தி வந்துடப் போவுது" என்றார்கள். அவரும் சிரித்தார்.

கரையில் அவருக்கு வேறு ஒரு வேலை அமைந்தது. எறா பிரிக்கும் வேலை, அதாவது இறாலைத் தரம் பிரிப்பது. விடியும்போது விசைப்படகுகள் வந்து கொட்டும் எறாக் குவியலை, அளவு பார்த்துத் தனித்தனிக் கூடைகளில் போட வேண்டும். கிலோவுக்கு முப்பது நிற்பது ஒரு கூடை, நாற்பது நிற்பது ஒரு கூடை. ஜெரால்ட் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு எறாவைக் கையில் எடுத்ததும் அது எந்தக் கூடைக்குப் போக வேண்டும் என்று விரல் சொல்லிவிடும். தராசில் போட்டுப் பார்ப்பவர்கள் அவர் பிரித்த கூடையை மட்டும் மறுபடி போட்டுப் பார்க்க மாட்டார்கள். கையுறை போட்டால் விரலுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அதனால் பதினைந்து வருடமாக வெறும் கை. முள் குத்திக் குத்தி விரல் நுனிகள் தடித்துப்போயிருந்தன.

காலை பத்து மணிக்கு வீடு திரும்புவார். குடியிருப்பில் இரண்டாவது மாடி. அங்கேதான் அவருடைய இன்னொரு வேலை தொடங்கும். அதைப் பற்றித்தான் அந்தக் கட்டடத்துப் பெண்கள் தங்கள் கணவன்மாரிடம் சொல்லிக் காட்டுவார்கள்.

சாரா பிறந்தபோது ஐரீனுக்கு ஆபரேஷன். எழுந்து உட்காரவே ஒரு மாதம் ஆனது. ஐரீனின் பிறந்த வீட்டில் உதவிக்கு வர யாரும் இல்லை. ஜெரால்டின் அக்கா பிலோமினா கீழ்த்தளத்தில்தான் இருக்கிறாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, காலையில் இருக்க மாட்டாள். எனவே பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வேலையை ஜெரால்ட் எடுத்துக்கொண்டார். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தாள். கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, அதன் மேல் பிள்ளையைப் படுக்கவைத்து, உள்ளங்கையில் தேங்காயெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, மார்பு, தோள், தொடை என்று நீவிவிட வேண்டும். இரண்டே நாளில் அவர் கை பழகிவிட்டது. எறாவின் கனத்தை அறிந்த விரல்கள் பிள்ளையின் உடம்பையும் அறிந்துகொண்டன. அவர் தேய்க்கும்போது சாரா அழ மாட்டாள்.

தண்ணீர் கீழே அடிபம்பில்தான். இரண்டு மாடி ஏற்ற வேண்டும். வந்த கையோடு நாலு குடம் ஏற்றுவார். முதலில் பிள்ளைக்கு எண்ணெய், பிறகு பிள்ளைக்குக் குளியல். தேய்த்த எண்ணெயும் குளியலுக்குப் போட்ட பயத்தமாவும் தன் கால், சட்டை எல்லாம் வழியும் என்பதால், எல்லாம் முடிந்த பிறகு மிச்சத் தண்ணீரில் அவர் குளிப்பார். ஒரு மனிதன் ஒரு காலையில் இரண்டு முறை குளிக்க யார் தண்ணீர் தூக்குவது? துறைமுகத்துக் குழாயில் கையை அலசிவிட்டுத்தான் கிளம்புவார். பிள்ளையின் வேலை முடித்துக் கடைசியில் குளிக்கும் அப்பா என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

சாராவுக்கு ஐந்தாம் மாதம் கரப்பான் வந்தது. உடம்பு முழுக்கச் சொரசொரவென்று ஆகி, தூக்கினால் தோளில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். ஜெரால்ட் மருந்துக் கடைக்குப் போய், சொறிக்கு ஏதாவது கொடு என்று கேட்டார். கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். நாலே நாளில் தோல் கண்ணாடி மாதிரி ஆனது. நிறுத்தினால் மறுபடி வந்தது. மறுபடி போட்டார். இப்படியே ஒன்றரை வருடம். எண்ணெய் தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. வறண்ட தோலுக்கு எண்ணெய் நல்லதுதானே.

மூன்று வயதில் சாராவுக்கு முதல் முறை வீசிங் வந்தது. விலா எலும்பு உள்ளே இழுக்க, பிள்ளை மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்துவிட்டு பிலோமினா அக்கா ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொன்னாள்.

"மேல இருந்தத மருந்து போட்டு அமுக்குன. அது உள்ள போயி நெஞ்சுல குந்திகிச்சி."

கட்டடம் முழுக்க அதையே சொன்னது. ஜெரால்டும் நம்பினார். நம்பாமல் என்ன செய்வது? களிம்பு வாங்கியது அவர். போட்டது அவர். தோல் சுத்தமானதும் நெஞ்சு கெட்டதும் அவர் கண்ணெதிரே அடுத்தடுத்து நடந்தன. கரப்பானைக் கிளப்பும் என்று சொல்லும் பண்டம் எதையும் சாராவுக்கு அதுவரையே கொடுத்ததில்லை, அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமே ஆனது. கத்திரிக்காய், கருவாடு, நண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக எறா. எறா பிரிக்கிறவர் மகள் எறாவை நாக்கில் வைத்ததில்லை.

போன வருடம், ஒரு பிள்ளை சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் வைத்தாள். அவளுக்கு ஆறு வயது. பக்கத்து இலையிலிருந்து ஒரே ஒரு எறாத் துண்டு. பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்தது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்தாள். பிலோமினா அக்கா, "நான் சொன்னேனா இல்லியா" என்று மட்டும் கேட்டாள்.

அதனால்தான் ரூபனின் களிம்பு மாதா படத்துக்குப் பக்கத்தில் பிரிக்கப்படாமலே இருந்தது. ஒரு பிள்ளையின் நெஞ்சைக் கெடுத்தாயிற்று, இன்னொன்றின் நெஞ்சையும் கெடுக்க முடியாது என்பதுதான் ஜெரால்டின் கணக்கு.

ஆனால் ரூபனின் முழங்கால் புண்ணில் சீழ் வைத்தது. காய்ச்சல் வந்தது. ஒரு சனிக்கிழமை ஐரீன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நான் போறேன். நீ வர்றதுன்னா வா. வந்து டாக்டராண்ட சண்ட போடு, என்னாண்ட போடாத."

பள்ளி விடுமுறை. சாராவும் சேர்ந்துகொண்டாள்.

சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் பெயர் மகிழினி. முப்பது வயதுகூட இருக்காது. ரூபனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "போன மாசமே களிம்பு குடுத்திருக்கோம். போடலியா?" என்றாள்.

"போட விடல மேடம் இவுரு" என்றாள் ஐரீன்.

ஜெரால்ட் ஆரம்பித்தார். சாராவின் கதையை, களிம்பு, வீசிங், எறா என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். மகிழினி குறுக்கிடாமல் எழுதிக்கொண்டாள். முடித்ததும் சாராவைக் கூப்பிட்டு நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள்.

"காலைல எந்திரிச்சதும் தும்மல் வருமா உனக்கு?"

"இருவது வரும் டாக்டர். நான் எண்ணுவேன். ஒரு நாளு முப்பத்தொண்ணு."

"கில்லாடிதான்" என்று சிரித்தாள் மகிழினி. பிறகு ஜெரால்டைப் பார்த்தாள். "அண்ணா, நீங்க வாங்கின மருந்து பலமானது. நாலு மருந்து கலந்தது. கொழந்தைக்குப் போடவே கூடாது. அது தப்புதான். ஆனா வீசிங் அதால வரல."

"பின்ன?"

"கரப்பான் பலமா வர்ற கொழந்தைங்கள்ல நெறைய பேருக்கு இப்படித்தான் ஆகுது. மொதல்ல தோல். அப்புறம் ஏதாவது சாப்பாடு ஒத்துக்காம போறது. அப்புறம் வீசிங். அப்புறம் தும்மல். எல்லாருக்கும் இல்ல, எல்லாமும் இல்ல. ஆனா இந்த வரிசைய நாங்க அடிக்கடி பாக்கறோம். மருந்து போட்ட கொழந்தைக்கும் வருது, போடாத கொழந்தைக்கும் வருது. எல்லாம் ஒரே சொந்தக்காரங்க."

ஜெரால்டுக்கு நாலு வருடமாகத் தூக்கித் திரிந்த மூட்டையை யாரோ தோளிலிருந்து இறக்கியதுபோல் இருந்தது. இறக்கியவள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவரால் நம்ப முடியாததாக இருந்தது. அவள் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"எண்ணெய் யார் தேய்க்கறது?"

ஐரீனுக்கு முகம் மலர்ந்தது. "இவுருதான் மேடம். ரெண்டுத்துக்கும் இவுருதான். எங்க பில்டிங்ல எந்த ஆம்பளயும் செய்யமாட்டான்."

"பரவால்லியே. இன்னா வேல பாக்கறீங்க?"

"எறா பிரிக்கற வேல."

"வேலய முடிச்சிட்டு, குளிச்சிட்டுத்தானே தேய்ப்பீங்க?"

"இல்ல மேடம். கொயந்திக்கு முடிச்சிட்டு, கடசிலதான் நான் குளிப்பேன்."

மகிழினி எழுதுவதை நிறுத்தினாள். பேனாவைக் கீழே வைத்து அவர் கையைப் பார்த்தாள்.

"இன்னா மேடம்?" என்றார் ஜெரால்ட்.

"நானும் இங்க பக்கத்துல வியாசர்பாடிதான் அண்ணா. உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். உங்க பில்டிங் செவுரு உப்புக்காத்துல பூச்சு உதிர்ந்து கெடக்குதா? கரப்பான் வந்த தோலு அப்படித்தான். எது வேணா உள்ள பூந்துடும். வாய் வழியா போற பொருள ஒடம்பு சாப்பாடுன்னு கத்துக்குது. உதிர்ந்த செவுத்து வழியா பூந்தா, திருடன்னு நெனச்சி மூஞ்ச ஞாபகம் வச்சிக்குது. அப்புறம் என்னிக்காவது அது வாசல் வழியா வந்தாகூட அடிக்க ஆரம்பிச்சிடும்."

ஜெரால்ட் தன் கைகளைப் பார்த்தார். வாய்க்கு எறா போகாமல் ஆறு வருடம் காவல் காத்தார். அதே ஆறு வருடத்தில் எறாத் தண்ணீர் ஊறிய கையால், வெடித்துக் கிடந்த தோலில், எண்ணெயோடு சேர்த்து நீவி நீவி...

"அப்ப நான்தான்" என்றார்.

"அப்படி நான் சொல்லல."

"சொல்லுங்க மேடம். கரெக்டா சொல்லுங்க. நான்தானா இல்லியா?"

"யாராலயும் சொல்ல முடியாது அண்ணா. வேர்க்கடலை தோல் வழியா பூந்து இப்படி ஆகறத நல்லா ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. எறா விஷயத்துல அவ்ளோ தெளிவா தெரியாது. உங்க வீட்டுல வேற யாருக்காவது வீசிங் இருந்திருக்கலாம். லாரிப் புகை, பூஞ்சை பிடிச்ச செவுரு, எத்தினியோ இருக்கலாம். நீங்க கோர்ட்டுல நிக்கல. இந்தக் கொழந்தய பாருங்க."

அவள் சொன்னவை எளிமையானவை. புண்ணுக்கு மருந்து. களிம்பு ஒரு நாளைக்கு ஒரு முறை, சிவப்பு உள்ள இடத்தில் மட்டும், சொன்ன நாள் வரைக்கும், மறுபடி சிவந்தால் மறுபடியும். குளித்த ஈரத்தோடு முகம் கை கால் எல்லாம் தடவ, எண்ணெய்க்குப் பதிலாக ஒரு வெள்ளை மருந்து. பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், வேலைக்குப் போட்ட சட்டை வீட்டுக்குள் வரக்கூடாது. ஆறு மாதம் ஆனதும் முட்டை, மீன் எல்லாம் தள்ளிப்போடாமல் கொடுக்க வேண்டும். எறாவை மட்டும், பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக் கேட்ட பிறகு. சாராவுக்கு எறா கூடவே கூடாது, அவளையும் அங்கே காட்ட வேண்டும்.

திரும்பி நடக்கும்போது ஜெரால்ட் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். களிம்பின் மேல் பழி இருந்தபோது அது நன்றாகத் தெரிந்த பழி. மருந்துக் கடைக்காரனைத் திட்டலாம், களிம்பை எறியலாம். இந்தப் புதியதை என்ன செய்வது? அவர் வாழ்க்கையில் மிகவும் சரியாகச் செய்ததாக நினைத்த ஒரே காரியம் அதுதான். அதுவும் இருக்கலாம் என்கிறாள், இல்லாமலும் இருக்கலாம் என்கிறாள். தெரியாது என்பதை ஒருவன் எப்படித் தூக்கி வைத்துக்கொள்வது?

பிலோமினா அக்கா மாலையில் மேலே ஏறி வந்தாள். ஐரீன் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"டாக்டருக்கு இன்னா? சொல்லிட்டுப் போயிடுவா. டேய், அப்ப நீதான் கொயந்திய கெடுத்தன்னு ஒத்துக்கறியா?"

"தெர்லன்னுதான்கா சொன்னாங்க."

"தெர்லன்னா அப்புறம் இன்னாத்துக்கு சொன்னா? மருந்து மேல பழியப் போட்டா மருந்துக்கு வலிக்காதுடா. உன் மேல போட்டா நீ தாங்க மாட்ட." அவள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் அன்னிக்கு மருந்த சொன்னேன்னா, உன்ன சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

ஜெரால்ட் அக்காவை வியப்போடு பார்த்தார். நாலு வருடமாக அவள் தன்னைக் குற்றம் சாட்டுகிறாள் என்று நினைத்திருந்தார்.

ஐரீன் களிம்பை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நீயே போடு."

"நீ போடேன். என் கை வேணாம்."

"உன் கைய நான் இன்னா பண்றது, கழட்டி வைக்கறதா? போயி குளிச்சிட்டு வந்து போடுயா."

அவர் கீழே போய் இரண்டு குடம் ஏற்றினார். சோப்பு இரண்டு முறை போட்டுக் குளித்தார். நகத்துக்குள் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் படுக்கவைத்து, களிம்பைப் பிரித்தார். சிவப்பான இடங்களில் மட்டும் போட்டார்.

துறைமுகத்தில் அடுத்த வாரமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வேலை முடிந்ததும் ஏலக்கூடத்துக் குழாயடியில் ஜெரால்ட் சோப்பு நுரையோடு நிற்பதைப் பார்த்து, கூடவே எறா பிரிக்கும் டில்லிபாபு கத்தினான்.

"இன்னா மாமு, வூட்டுக்குப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

"உன் தங்கச்சியத்தான்டா."

"அவளுக்குக் கல்யாணம் ஆயி மூணு புள்ள கீது. போ, போ, வாசனயா போ."

மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய் மறுபடி குளித்த பிறகே பிள்ளையைத் தொட்டார். தினமும் ஆறு குடம் ஆனது.

ரூபனின் தோல் இரண்டு வாரத்தில் ஆறியது. அதைப் பார்த்து ஐரீன் மகிழ்ந்த அளவுக்கு ஜெரால்ட் மகிழவில்லை. தோல் சுத்தமானதும் என்ன நடக்கும் என்பதை அவர் ஒரு முறை பார்த்தவர். பிள்ளை தூங்கும்போது நெஞ்சில் காதை வைத்துக் கேட்பார். ஆறாம் மாதம் வேகவைத்து மசித்த முட்டை கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து முள் நீக்கிய கிழங்கா மீன். துப்பினான். மறுநாள் விழுங்கினான். சாரா, "எனக்கும் இதுமாரி சின்னதுலயே எறாவக் குடுத்திருந்தா நான் இப்ப அத்தத் துன்னிருப்பேன்ல நைனா?" என்று கேட்டாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெர்லம்மா" என்றார் ஜெரால்ட். அந்தச் சொல்லை அவர் சாராவிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

எட்டாம் மாதம், மழை விட்ட ஒரு காலையில், ரூபனிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூச்சோடு சேர்ந்து ஒரு விசில். பிலோமினா அக்காவுக்கு அன்று பள்ளி விடுமுறை. வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கேக்குதாடா?"

கேட்டது. ஜெரால்ட் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். சுகாதார நிலையம் வரை நடையா ஓட்டமா என்று அவருக்கே தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து வழி விட்டார்கள்.

மகிழினி பிள்ளையின் நெஞ்சில், முதுகில், மறுபடி நெஞ்சில் வைத்துக் கேட்டாள்.

"மூக்கடைப்பு அண்ணா. சளி. நெஞ்சு இன்னிக்கு சுத்தமா கீது."

"இன்னிக்குன்னா?"

"இன்னிக்குத்தான் என்னால சொல்ல முடியும்."

"பின்னாடி வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். சாராக்கு வந்திருக்கு, அதனால வாய்ப்பு இருக்கு. தோல நல்லா வச்சிருந்தா வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாது. ஆனா தோல நாறவிட்டா நல்லது எதுவும் நடக்காது, அத எழுதித் தரேன்."

"களிம்ப நிறுத்திடவா?"

அவள் பிள்ளையின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மழைக்குப் போட்ட கம்பளிச் சட்டை உராய்ந்து மடிப்பில் மறுபடி சிவந்திருந்தது. "நீங்களே பாருங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பருத்திச் சட்டையை எடுத்து வைத்தார். குளித்தார். பிள்ளையைக் காலில் படுக்கவைத்தார். அக்கா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை எதுவும் இல்லை. மூக்கு அடைத்த பிள்ளை எரிச்சலில் கையையும் காலையும் உதறினான். ஜெரால்ட் களிம்பை விரல் நுனியில் எடுத்தார். முழங்கையில் வைக்கப் போகும்போதெல்லாம் பிள்ளையின் கை நழுவியது.

அக்கா முன்னால் நகர்ந்து வந்தாள்.

"எனக்கு இது பிடிக்கலடா" என்றாள். பிறகு பிள்ளையின் கையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் போடு. அழுவறான்."